எக்ஸ்-கதிர் அறையின் குப்பைக் கூடை

"மூச்சை நன்றாக இழுங்கள்... அப்படியே நிறுத்துங்கள்... சரி, விடலாம்."

எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்துக்கொண்டவர்கள் இச்சொற்களைக் கேட்டிருப்பீர்கள். இரண்டு நிமிட வேலைதான். வெளியே வந்து பெஞ்சில் உட்காருகிறீர்கள். சற்று நேரத்தில் நுட்பாளர் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிறார். "படம் சரியாக விழவில்லை. இன்னொரு முறை எடுத்துவிடலாம், உள்ளே வாருங்கள்."

என் தாயாருக்கு இப்படி நேர்ந்தது. விடாத இருமலுக்காக மார்புப் படம் எடுக்க அழைத்துச் சென்றிருந்தேன். முதல் படத்தில் நுரையீரலின் மேல் இரண்டு ஊக்குகள் பளிச்சென்று தெரிந்தன. தாலிக் கயிற்றில் அவர் எப்போதும் கோத்து வைத்திருக்கும் ஊக்குகள். அவற்றைப் பற்றி முன்கூட்டி யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று பெற்ற மகனாகிய எனக்கும், இயற்பியல் படித்திருந்தும், தோன்றவில்லை. இரண்டாம் முறை ஊக்குகளைக் கழற்றிவிட்டு, கயிற்றை வாயில் கவ்விக்கொள்ளச் சொல்லிப் படம் எடுத்தார்கள். முதல் படம் குப்பைக்குப் போயிற்று.

இதில் என்ன பெரிய நட்டம் என்று நீங்கள் கேட்கலாம். ஒரு மருத்துவமனையின் கதிரியல் துறையைச் செம்மையாக நடத்துவது எப்படி என்று ஆராய்ந்தவர்கள், அந்தக் குப்பைக் கூடையிலிருந்துதான் தங்கள் ஆராய்ச்சியைத் தொடங்கினார்கள். விலையுயர்ந்த பொறிகள் எத்தனை இருக்கின்றன என்பதைவிட, வீணான படங்கள் எத்தனை, அவை ஏன் வீணாயின என்பதே அத்துறையின் தரத்தைச் சரியாகக் காட்டும். அதை இக்கட்டுரையில் காண்போம்.

முதலில் சற்றுப் பின்னோக்கிச் செல்வோம். 1895 நவம்பர் 8 அன்று ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் ராண்ட்ஜன் எக்ஸ்-கதிர்களைக் கண்டார். மறு ஆண்டே, 1896இல், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ அரசு மருத்துவச்சாலையில் ஜான் மெக்கின்டயர் என்னும் மருத்துவர் எக்ஸ்-கதிர்களுக்கென ஒரு தனித் துறையைத் தொடங்கிவிட்டார். உலகில் இத்தகைய துறைகளுள் மிகப் பழையவற்றுள் ஒன்று இது. குழந்தையின் தொண்டையில் சிக்கிய காசையும் சிறுநீரகக் கல்லையும் அவர் படமெடுத்துக் காட்டினார். கத்தி வைக்காமலே உடலுக்குள் பார்க்க முடிந்ததைக் கண்டு உலகம் வியந்தது.

அந்த வியப்பில் ஆபத்து எவர் கண்ணுக்கும் உடனே படவில்லை. எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி கதிர்களைத் தம் கைகளின் மீதே பாய்ச்சிச் சோதித்து வந்தார். கைகளில் புண் வந்தது, புற்றுநோயாயிற்று, கைகளை வெட்டியெடுத்தும் பயனின்றி 1904இல் இறந்தார். 1936இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர மருத்துவமனை ஒன்றின் வளாகத்தில் ஒரு நினைவுத்தூண் நாட்டினார்கள். எக்ஸ்-கதிர்களோடும் ரேடியத்தோடும் பணியாற்றி உயிரிழந்த 169 பேரின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டன. பின்னர் மேலும் பல பெயர்கள் சேர்ந்தன.

இன்றைய நிலை வேறு. மார்புப் படம் ஒன்றில் நம் உடல் ஏற்கும் கதிரளவு ஏறத்தாழ 0.02 மில்லி சீவர்ட். மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் உணவிலிருந்தும் நாம் எல்லோரும் ஆண்டுதோறும் ஏற்கும் இயற்கைக் கதிர்வீச்சு உலகச் சராசரியில் 2.4 மில்லி சீவர்ட். வகுத்துப் பாருங்கள்: ஒரு மார்புப் படம் மூன்று நாள் இயற்கைக் கதிர்வீச்சுக்குச் சமம். ஆகவே என் தாயாரின் இரண்டாம் படத்தால் அவருக்கு ஆபத்து என்று சொன்னால் அது மிகை. ஆனால் எல்லாப் படங்களும் இவ்வளவு சிறியவை அல்ல. இடுப்பு முதுகெலும்புப் படங்களில் இது ஒரு மில்லி சீவர்ட்டையும் தாண்டக்கூடும். வயிற்றுக்கு எடுக்கும் சி.டி. ஸ்கேனில் 8 முதல் 10 வரை போகலாம். அதாவது மூன்று நான்கு ஆண்டுகளின் இயற்கைக் கதிர்வீச்சு சில நொடிகளில்!

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கதிர்களோடு பணியாற்றுவோருக்குச் சட்டப்படி வரம்பு உண்டு. நம் நாட்டில் 1983இல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லி சீவர்ட் என்றும், எந்த ஓர் ஆண்டிலும் 30ஐத் தாண்டலாகாது என்றும் விதித்துள்ளது. நுட்பாளர் மார்பில் அணியும் சிறு பட்டையில் டிஸ்புரோசியம் கலந்த கால்சியம் சல்ஃபேட் வில்லைகள் இருக்கும். கதிர் பட்டால் அவை ஆற்றலைச் சேமித்து வைத்துக்கொள்ளும். சூடேற்றினால் அதை ஒளியாக வெளிவிடும். மூன்று மாதங்களுக்கு ஒரு முறை அந்த ஒளியை அளந்து, அவர் ஏற்ற கதிரளவைக் கணக்கிடுகிறார்கள். நோயாளிக்கோ இத்தகைய வரம்பு எதுவும் இல்லை. இருக்கவும் முடியாது, உயிரைக் காக்கத் தேவையான படத்தை, வரம்பு முடிந்துவிட்டது என்று எப்படி மறுப்பது? எனவே நோயாளியைக் காப்பவை இரண்டே கேள்விகள். இந்தப் படம் தேவைதானா? தேவையென்றால், மருத்துவருக்குப் போதுமான தெளிவை மிகக் குறைந்த கதிரில் பெறுகிறோமா? குப்பைக்குப் போகும் படம் இரண்டாம் கேள்வியில் முழுத் தோல்வி. நோயாளி கதிரை ஏற்றார். கைம்மாறாக எதுவும் பெறவில்லை.

இனி அந்தக் கூடையைக் கிளறுவோம்.

பிலிம் இருந்த காலத்தில் இது சொல்லுக்குச் சொல் உண்மையாகவே கூடைதான். மாதக் கடைசியில் மூத்த நுட்பாளர் அதைக் கவிழ்த்து, ஒவ்வொரு பிலிமையும் ஒளிப்பெட்டியில் வைத்துப் பார்த்து, காரணம் காரணமாக அடுக்குவார். கறுத்துப் போனவை ஓர் அடுக்கு. வெளிறியவை ஓர் அடுக்கு. அசைந்தவை, கோணலானவை, சங்கிலியும் சடையும் விழுந்தவை, இருட்டறையில் வெளிச்சம் பட்டவை... பின்னர் எண்ணி, எடுத்த மொத்தப் படங்களால் வகுப்பார். (பிலிமில் வெள்ளி உண்டு, ஆகவே பழைய பிலிம்களை விலைக்கு வாங்க ஆள் வரும். சூரிய கிரகணத்தைப் பார்க்க அவற்றை எடுத்துச் செல்லும் பழக்கம் நம் ஊர்களில் உண்டல்லவா? அது கண்ணுக்குக் கேடு. பிலிம் கறுப்பாக இருப்பதால் அகச்சிவப்புக் கதிர்கள் தடைபட்டுவிடும் என்று நம்பாதீர்கள்.)

கணக்கு எதைக் காட்டியது? பிலிம் காலத்தில் பெருங்குற்றவாளி கதிரின் அளவு: கூடுதல் அல்லது குறைவு. எண்முறைக் கருவிகள் வந்தபின் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது நோயாளியை நிறுத்தும் முறை. இது வெறும் பழக்கத்தால் வரும் கைவேலை என்று எண்ணாதீர்கள். இதில் நீங்கள் வகுப்பில் படிக்கும் வடிவொத்த முக்கோணங்கள் இருக்கின்றன.

மார்புப் படத்துக்கு நிற்கும்போது ஏன் உங்கள் மார்பைப் பலகையோடு ஒட்டி, முதுகைக் குழாயின் பக்கம் காட்டச் சொல்கிறார்கள்? எக்ஸ்-கதிர்கள் ஏறத்தாழ ஒரு புள்ளியிலிருந்து விரிந்து வருகின்றன. சுவருக்கும் விளக்குக்கும் இடையே கையை நீட்டிப் பாருங்கள். கை சுவரை நெருங்க நெருங்க நிழல் சிறுத்துக் கூர்மையாகும். விலக விலகப் பெருத்து மங்கும். இதயம் மார்பின் முன்புறத்தை ஒட்டி இருக்கிறது. குழாய் 180 செ.மீ. தொலைவில் இருக்க, இதயம் பலகையிலிருந்து 6 செ.மீ. தள்ளி இருப்பதாகக் கொள்வோம். பெருக்கம் 180ஐ 174ஆல் வகுத்தது, அதாவது 1.03. 13 செ.மீ. அகல இதயம் 13.4 செ.மீ. ஆகத் தெரியும்.

நிற்க இயலாத நோயாளியைக் கட்டிலிலேயே மல்லாத்திப் படமெடுத்தால்? பலகை முதுகுக்குக் கீழே; குழாய் 100 செ.மீ. உயரத்தில்; இதயம் பலகையிலிருந்து 14 செ.மீ. தொலைவில் என்போம். இப்போது பெருக்கம் 100ஐ 86ஆல் வகுத்தது: 1.16. அதே இதயம் 15.1 செ.மீ.! படத்தை மட்டும் பார்க்கும் மருத்துவர் இதயம் வீங்கியிருப்பதாக நினைக்கலாம். ஆகவே எப்படி எடுத்த படம் என்று படத்தின் மூலையில் குறிப்பது எழுத்தரின் சடங்கு அன்று. அதை விட்டுவிட்டால் நல்ல படமும் பொய் சொல்லும்.

அடுத்து, அசைவு. மூச்சை நிறுத்தச் சொல்வது இதற்காகவே. ஆனால் இதயத்தை நிறுத்தச் சொல்ல முடியாது. அழும் குழந்தையை அடக்கவும் முடியாது. எனவே கதிர் பாயும் நேரத்தைக் குறைக்க வேண்டும். நேரம் குறைந்தால் கதிரும் குறையுமே, அதை எப்படி ஈடுசெய்வது? குழாயின் மின்னோட்டத்தைக் கூட்டலாம். ஆனால் எலெக்ட்ரான்களின் ஆற்றலில் நூற்றுக்கு ஒரு பங்கே எக்ஸ்-கதிராகிறது, மீதி அனைத்தும் வெப்பம். டங்ஸ்டன் நேர்மின்வாயே உருகிவிடாதிருக்க அதைச் சுழலவிட வேண்டியிருக்கிறது. மாறாக, மின்னழுத்தத்தை 15 விழுக்காடு உயர்த்தினால், மின்னோட்டத்தை இரு மடங்காக்கியதைப் போன்ற விளைவு கிடைக்கும். ஆனால் எலும்புக்கும் சதைக்கும் உள்ள வேறுபாடு படத்தில் சற்றுக் குறையும். ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கும் பேரம் இது. நல்ல துறைகளில் இந்தப் பேரத்தை ஒவ்வொருவர் நினைவுக்கும் விடுவதில்லை. எந்த உறுப்புக்கு, எந்தப் பருமனான உடலுக்கு எத்தனை கிலோவோல்ட், எத்தனை மில்லியாம்பியர் என்று அட்டவணை எழுதிப் பொறியின் அருகில் மாட்டி வைப்பார்கள். குழந்தைகளுக்குத் தனி அட்டவணை. இதைவிட மலிவான சீர்திருத்தம் ஒரு மருத்துவமனையில் வேறில்லை.

பிலிம் போய் எண்முறைக் கருவிகள் வந்ததும் எல்லாத் தொல்லையும் தீர்ந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள். உண்மையில் கூடை மறைந்தது, குப்பை மறையவில்லை. சரியில்லாத படத்தை ஒரு விசையைத் தட்டி அழித்துவிடலாம், யாரும் எண்ணமாட்டார்கள். இது ஒன்று. இன்னொன்று இதைவிட நுட்பமானது.

மழை தூறத் தொடங்கும்போது சிமெண்டுத் தரையைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு கட்டத்தில் பத்துத் துளி, பக்கத்துக் கட்டத்தில் ஆறு, அடுத்ததில் பதினான்கு என்று விழும். மழை வலுத்தபின் எல்லாக் கட்டமும் ஒரே சீராக நனைந்துவிடும். எக்ஸ்-கதிர்த் துகள்களும் இப்படியே. ஒரு புள்ளியில் சராசரியாக 100 துகள்கள் விழுந்தால் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலமாகிய 10; அதாவது 10 விழுக்காடு. 10,000 விழுந்தால் 100; ஒரே ஒரு விழுக்காடு. ஆகவே கதிர் குறைந்தால் படம் புள்ளி புள்ளியாக, மணல் தூவியது போல் இருக்கும். கதிர் மிகுந்தால்? பிலிம் கறுத்துப்போய் உடனே காட்டிக்கொடுத்துவிடும். எண்முறைக் கருவியிலோ கணிப்பொறி ஒளியளவைச் சரிசெய்துவிடும். படம் இன்னும் அழகாக இருக்கும். மணல் தூவிய படத்துக்கு மருத்துவர் கடிந்துகொள்வார். அழகான படத்துக்கு யாரும் கடிந்துகொள்வதில்லை. நுட்பாளர் என்ன செய்வார்? திட்டு வாங்காமலிருக்கச் சற்றே கூட்டி வைப்பார். அடுத்த மாதம் இன்னும் சற்று. எவரும் தீமை எண்ணாமலே கதிரளவு ஊர்ந்து ஏறிக்கொண்டு போகும்.

இதைப் பிடிக்க ஒரு நல்ல வழி கண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு படத்துக்கும் கருவி ஏற்ற கதிரை ஓர் எண்ணாகத் தருகிறது. அதை, இருக்க வேண்டிய எண்ணால் வகுத்து, மடக்கை கண்டு, 10ஆல் பெருக்குகிறார்கள். சரியாக இருந்தால் விடை 0. இரு மடங்கு கதிர் என்றால் 2இன் மடக்கை 0.3010, விடை 3. பாதியே என்றால் -3. நான்கு மடங்கு என்றால் 6. மடக்கை அட்டவணையை எதற்குப் படிக்கிறோம் என்று கேட்கும் மாணவர்களுக்கு நான் இதைச் சொல்வதுண்டு. மாதம் ஒரு முறை இந்த எண்களைத் தொகுத்துப் பார்த்தாலே, ஊர்ந்து ஏறுவது வெளிச்சமாகிவிடும்.

பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உண்மை நிகழ்ச்சி. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் உள்ள பெரிய மருத்துவமனை ஒன்றில், பக்கவாதம் வந்தவர்களின் மூளையில் இரத்தம் எப்படி ஓடுகிறது என்று அறிய ஒருவகை சி.டி. ஸ்கேன் எடுத்து வந்தார்கள். மூளையின் ஒரே பகுதியைத் திரும்பத் திரும்பப் படமெடுக்கும் முறை அது. 2008இல் மருத்துவர்களுக்கு மேலும் பயன்படும்படி பொறியின் அமைப்பை மாற்றினார்கள். மாற்றியபோது ஏற்பட்ட தவறான புரிதலால், வழக்கமான அளவைப்போல் எட்டு மடங்கு கதிர் பாய்ந்தது. ஒரு நாள் அன்று, ஒரு வாரம் அன்று, பதினெட்டு மாதங்கள்! 2009 ஆகஸ்டில், ஸ்கேன் எடுத்துக்கொண்ட ஒருவர் தம் தலைமுடி கொத்தாக உதிர்வதாகச் சொன்னபின்தான் விஷயம் வெளிவந்தது. முதலில் அறிவிக்கப்பட்டபோதே பாதிக்கப்பட்டவர்கள் 206 பேர். கதிரளவைக் காட்டும் எண் ஒவ்வொரு முறையும் பொறியின் திரையில் தெரியக்கூடியதுதான். மிகச் சிறந்த பொறி, மிகச் சிறந்த மருத்துவர்கள். ஆனால் அந்த எண்ணை நின்று படிப்பது எவருடைய வேலையாகவும் இருக்கவில்லை. இதன்பின் கலிஃபோர்னியா மாநிலம், சி.டி. ஸ்கேன் கதிரளவை நோயாளியின் அறிக்கையில் பதிவு செய்ய வேண்டும் என்று 2010இல் சட்டம் இயற்றியது.

நல்லெண்ணத்தோடு செய்யும் ஏற்பாடும் காலத்தால் தவறாகலாம் என்பதற்கும் இத்துறையில் சான்று உண்டு. இடுப்புப் பகுதிப் படங்களில் இனப்பெருக்க உறுப்புகளின் மீது ஈயத் துண்டு வைத்து மறைப்பது நெடுங்கால வழக்கம். உடலுக்குள்ளேயே சிதறும் கதிரை அந்தத் துண்டால் தடுக்க முடியாது. தேவையான எலும்பையே அது சில வேளை மறைத்துவிடும். அப்போது மறுபடியும் படம்! கதிரைத் தானே நிறுத்தும் உணர்வியை மறைத்துவிட்டால், பொறி கதிர் போதவில்லை என்று எண்ணி இன்னும் பாய்ச்சும். ஆகவே 2019இல் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் இந்த வழக்கத்தைக் கைவிடுமாறு பரிந்துரைத்தது.

சரி, எத்தனை விழுக்காடு வீணாவதை ஏற்கலாம்? எண்முறைப் படங்களில் ஏறத்தாழ 8 விழுக்காட்டை இலக்காகவும், 10ஐத் தாண்டினால் ஆராய வேண்டும் என்றும் இயற்பியலாளர்கள் கூறுகிறார்கள். மிகக் குறைவாக இருந்தாலும் நான் ஐயப்படுவேன். ஒரு துறை, "எங்களிடம் ஒரு படமும் வீணாவதில்லை" என்றால், மோசமான படங்களையும் மருத்துவரிடம் தள்ளிவிடுகிறார்கள் என்றே பொருள். கணக்கெடுப்பு தண்டனைக்காக என்று தெரிந்தால் படங்கள் ஓசையின்றி அழிக்கப்படும். இது தேர்வில் பார்த்தெழுதும் மாணவர்களைக் கண்ட ஆசிரியனாகிய எனக்கு நன்றாகவே புரியும்.

கடைசியாக, பெஞ்சில் காத்திருப்பவர்களைப் பார்ப்போம். என் தாயாரின் இரண்டாம் படம் முடியும்வரை, கால் முறிந்து தள்ளுவண்டியில் படுத்திருந்த ஓர் இளைஞரும் மற்றவர்களும் காத்திருந்தார்கள். ஆறு நிமிடம்தானே? இல்லை. வரிசைகளுக்கென்று ஒரு கணிதம் இருக்கிறது. கோபன்ஹேகன் நகரத் தொலைபேசி இணைப்பகத்துக்காக எர்லாங் என்னும் டென்மார்க் நாட்டவர் 1909இல் அதைத் தொடங்கி வைத்தார்.

ஓர் அறைக்கு மணிக்கு 9 பேர் முன்பின்னாக வருகிறார்கள். ஒருவருக்குச் சராசரியாக 6 நிமிடம் ஆகிறது. அறை 60 நிமிடத்தில் 54 நிமிடம் வேலை செய்கிறது, அதாவது 0.9 பங்கு. இன்னும் 6 நிமிடம் மிச்சம் இருக்கிறதே, வரிசை எப்படி வரும் என்று தோன்றும். ஆனால் வருகையும் பட நேரமும் ஒழுங்கின்றி இருந்தால், சராசரிக் காத்திருப்பு, 6 நிமிடத்தை 0.9ஆல் பெருக்கி, ஓய்வுப் பங்காகிய 0.1ஆல் வகுத்தது. விடை 54 நிமிடம்! இப்போது அந்த 9 பேரில் ஒருவருக்கு மறுபடம் எடுப்பதால்தான் சராசரி 6 நிமிடம் ஆகிறது என்போம். அந்த மறுபடத்தை ஒழித்தால் ஆளுக்கு 40 நொடி குறைந்து, 5 நிமிடம் 20 நொடி ஆகும். அறையின் வேலைப் பங்கு 0.8, காத்திருப்பு ஏறத்தாழ 21 நிமிடம். உடை மாற்றுவதற்கு வெளியே ஒரு தட்டி அடைத்து, நகைகளையும் அங்கேயே கழற்ற வைத்து, மேலும் 20 நொடி மிச்சப்படுத்தினால் சராசரி 5 நிமிடம். காத்திருப்பு 15 நிமிடம். புதிய பொறி எதுவும் வாங்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இதை நம்புவது கடினம் என்றால் வீட்டில் செய்து பாருங்கள். சிவப்பு, நீலம் என இரு பகடைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வீச்சு ஒரு நிமிடம். சிவப்பில் 6 விழுந்தால் ஒரு நோயாளி வருகிறார். நீலத்தில் 6 விழுந்தால் அறையில் இருப்பவர் படம் முடிந்து வெளியேறுகிறார். 60 வீச்சுகள் வீசி, ஒவ்வொரு வீச்சிலும் வரிசையில் எத்தனை பேர் என்று நோட்டில் குறியுங்கள். பிறகு நீலத்தில் 5 விழுந்தாலும் 6 விழுந்தாலும் வெளியேறலாம் என்று விதியை மாற்றி மறுபடியும் 60 வீச்சுகள். ஒரே ஆட்டத்தில் தெளிவாகத் தெரியாவிட்டால் நான்கைந்து முறை ஆடுங்கள். வரிசைக்குப் புளியங்கொட்டைகளை வைத்துக்கொண்டால் எண்ணுவதற்கு எளிது.